கொதித்த சுண்ணாம்பு

அத்தியாயம் 7

மண்வெட்டி சேஷுவின் மண்டையை நோக்கி இறங்கியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். உச்சியில் காற்று மட்டும்தான் பட்டது. ஒரு கண்ணை மெல்லத் திறந்து பார்த்தான். அவனுடைய வழுக்கைக்கு மேலே இரண்டு விரற்கடை தூரத்தில் இரும்பு நின்றிருந்தது.

"சொல்லிட்டு ஓங்கக் கூடாதா சார்? இருக்கற நாலு முடியும் நரைச்சுடுத்து," என்றான்.

"சொல்லியிருந்தா நீரு குனிஞ்சிருப்பீரு. மசீஹுக்கு யாருவே சொன்னா?" மண்வெட்டியை இறக்கினார் சிவஞானம். "அடிச்சவன் பின்னால நின்னு அடிச்சிருக்கான். முன்னால விழுந்த மனுஷன் சுண்ணாம்புத் தொட்டியோட சாஞ்சிருக்காரு. போலீஸ் கதையில அது வரைக்கும் சரி. மத்ததெல்லாம் பொய்."

சிவஞானம் திருநெல்வேலிக்காரர். ராணுவப் போலீஸில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றபின் டெல்லி கரோல் பாக்கில் ஒரு தையல் கடைக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தார். அவருடைய ஒரே உதவியாளன் சேஷு. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, முப்பத்தாறு வயதுக்குள் ஐந்து இலாகாக்களில் டைப்பிஸ்டாக இருந்து, ஐந்திலும் வாயாலேயே வேலையைத் தொலைத்தவன்.

அன்று 1978 நவம்பர் முதல் தேதி, புதன்கிழமை. காலை பதினொரு மணி. ரிட்ஜ் காட்டை ஒட்டிய அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில் மறுநாள் கல்லறைத் திருநாள். நூற்றிருபது வருஷத்துத் தோட்டம் அது. காலராவில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், பிரசவத்தில் செத்த அவர்கள் மனைவிமார்கள், பல் முளைக்காத குழந்தைகள் என்று முன்பாதி முழுக்க அவர்கள்தான். பின்பாதி நம்மவர்களுக்கு. பங்குக் கோயில் வைத்திருந்த ஆட்கள் இரண்டே பேர். காவலுக்கு யூசுஃப் மசீஹ். குழி வெட்டவும், புதர் கழிக்கவும், வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் செங்கல் கல்லறைகளைச் சுரண்டி வெள்ளையடிக்கவும் பச்சைமுத்து.

அந்த இரண்டு பேரில் ஒருவர் சனிக்கிழமை காலை மண்டை பிளந்து செத்துப் போனார். மற்றவன் நாலு நாளாகப் போலீஸ் தாணாவில் அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

பச்சைமுத்துவின் மனைவி தங்கம் தொட்டியின் பக்கத்தில் குந்தியிருந்தாள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"காலையில சோறு எடுத்துனு போனேன் சாமி. உள்ள உடல. வெளிய நின்னா அவரு கத்தறது கேக்குது. கையெழுத்து போட மாட்டேங்கறாராம். சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வரணும், இல்லன்னா பொணம்தான் வரும்னு அந்த ஏட்டு சிரிச்சிக்கினே சொல்றான். எப்படியாச்சும் உசுரோட கொண்டாந்து குடுங்க சாமி."

இப்படிப்பட்ட நேரங்களில்தான் சேஷுவுக்கு ஏதாவது பேசியே ஆக வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். தாணா எழுத்தருக்கு இரண்டு தட்டு ஜலேபி வாங்கிக் கொடுத்துப் பெற்ற வாக்குமூல நகல். இந்தியில் இருந்தது. அவனுக்குத் தமிழைவிட இந்தி ஓட்டமாக வரும்.

"ஒரே சாட்சி, சார். பேரு வைத்தி. ரிட்டயர்டு ரெக்கார்டு கீப்பர், கரோல் பாக். பதினொரு வருஷமா தினம் கார்த்தால இங்க வந்து கல்லுல இருக்கற எழுத்தையெல்லாம் காப்பி பண்ணிண்டிருக்கார். இந்தத் தோட்டத்தோட சரித்திரம் எழுதறாராம். சனிக்கிழமை ஒம்பதரை மணிக்கு கேட்டுக்குள்ள நுழையறச்சே, பச்சைமுத்து மண்வெட்டியால மசீஹை மூணு தடவை அடிச்சதைக் கண்ணால பாத்தேன்னு சொல்லியிருக்கார். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சண்டை போட்டதையும் பாத்தாராம்."

"சண்டையா?" தங்கம் நிமிர்ந்தாள். "மசீஹ் பாய் சிரிச்சிக்கினு இருந்தாரு சாமி. போன வருசம் இந்தப் பம்பாண்ட இருந்த நான் துணி தொவைக்கிற கல்லு காணாம பூட்ச்சு. அது கெடைச்சிட்ச்சு, வியாழக்கிழமை எல்லார் முன்னாலயும் காட்டறேன், வயிறு வலிக்கச் சிரிப்பீங்கன்னாரு. எங்கன்னு மட்டும் சொல்லல."

சிவஞானம் தொட்டியைச் சுற்றியிருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை சிதறிய இடமெல்லாம் புல் பழுப்பாகச் சுருண்டு கிடந்தது.

"தங்கம்மா, உன் வீட்டுக்காரன் சுண்ணாம்புல எப்பம் தண்ணி ஊத்தினான்?"

"ஏழு மணிக்கு. தளதளன்னு கொதிச்சிது. அத அப்பிடியே உட்டுட்டு சுண்ணாம்புல கலக்க நீலம் வாங்க கரோல் பாக் போனாரு. ஒம்பதரைக்கு வந்து பாத்தா மசீஹ் பாய் கெடக்கறாரு. ஐயோன்னு தூக்கி மடியில வச்சிக்கினாரு, அந்த ரத்தம்தான் சாமி அவரு மேல."

"கொதிப்பு அடங்க எம்புட்டு நேரம் ஆகும்?"

"எட்டரைக்கெல்லாம் கை வெக்கலாம்."

"பாத்தீரா வே!" சிவஞானம் சேஷுவின் தோளைத் தட்டினார். "ஒம்பதரைக்குக் கவுந்திருந்தா இது மோர் மாதிரி குளுந்துல்லா கெடந்திருக்கும்? புல்லு வெள்ளையா நின்னிருக்கும், வெந்திருக்காது. தொட்டி கவுந்தது எட்டரைக்கு முன்னால. அப்பம் பச்சைமுத்து இங்க இல்ல."

"அப்போ சாட்சி ஒம்பதரைக்கு எதைப் பார்த்தார்?"

"அத அவருகிட்டயே கேப்போம்."

போகிற வழியில் சிவஞானம் ஓரிடத்தில் நின்றார். மசீஹ் விழுந்து கிடந்த இடத்திலிருந்து முப்பது அடியில், புதருக்கு நடுவே ஒரு கல் சிவப்புத் துணி போர்த்திக் கிடந்தது. வைத்தி கண்டுபிடித்த கல். 1858இல் இங்கே புதைக்கப்பட்ட மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவனின் பெயர் தமிழில் வெட்டியிருக்கிறதாம். நாளைக்குத் திறப்பு விழா, வைத்திக்குப் பொன்னாடை என்று டெல்லித் தமிழர்கள் வட்டாரமே அமர்க்களப்பட்டது. சிவஞானம் துணியைத் தூக்கினார், விரலால் கல்லைத் தடவினார், மறுபடி மூடினார்.

"என்ன சார் எழுதியிருக்கு?" தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் சேஷுவுக்கு மாலை ஆகிவிடும்.

"நல்ல வழவழப்பான கல்லுவே," என்றார் அவர்.

வைத்தியின் வீடு கரோல் பாக் சந்து ஒன்றில் மூன்றாம் மாடி. மொட்டை மாடியும் அதன் ஒரு பக்கம் இரண்டு அறைகளும். பர்சாத்தி என்பார்கள் டெல்லியில். சேஷு மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிப் படியில் கால் வைத்ததும் ஒரு குரல் அதட்டியது.

"நில்லுங்கோ அங்கேயே! எங்கேருந்து வரேள்?"

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் வைத்தியின் மனைவி ருக்மிணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் கரண்டி.

"கல்லறைத் தோட்டத்துலேருந்து மாமி. மாமாவைப் பாக்கணும்."

"ராமா! உள்ள வந்துடாதேங்கோ. அதோ குழாய், அதோ வாளி. தலையோட விட்டுண்டு அப்பறம் பேசுங்கோ."

"நவம்பர் மாசத்துல டெல்லிக் குழாய்த் தண்ணியா மாமி? அதுக்கு அங்கேயே ஒரு குழி பாத்துப் படுத்துண்டிருப்பேனே!"

"விளையாடாதேங்கோ. எங்காத்து வழக்கம் அப்படி. அவரே பதினொரு வருஷமா அங்க போயிட்டு வரார். ஒரு நாள், ஒரே நாள் குளிக்காம நிலைப்படி தாண்டினதில்லே. ஜனவரிக் குளிர்ல பல்லு கிட்டி நின்னிருக்கார், தெரியுமோ?"

சேஷுவின் வாய் சும்மா இருக்காது. "சனிக்கிழமை கொலையைப் பாத்துட்டு வந்தாரே, அன்னிக்கு ரெண்டு வாளியா?"

ருக்மிணி விழித்தாள். "கொலையா? என்ன உளர்றேள்? சனிக்கிழமை அவர் அங்க போகவே இல்லையே! லைப்ரரிக்குன்னா போயிருந்தார்? நேரா உள்ள வந்தார், மணையைப் போட்டுண்டு உக்காந்தார். என்னன்னா குளிக்கலையான்னு அலறினேன். இன்னிக்கு அங்க போகலைடி, தட்டைப் போடுன்னார்."

சேஷு திரும்பிச் சிவஞானத்தைப் பார்த்தான். அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். கேஸ் ஒரு பக்கம் சாய்கிறபோது அவர் கை மீசைக்குப் போகும்.

"உன்னை யார் ஊர்க்கதை பேசச் சொன்னா ருக்கு?"

குரல் அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. படியில் வைத்தி நின்றார். அறுபத்திரண்டு வயது, மூக்குக்கண்ணாடி, பஞ்சகச்சம், தோளில் அங்கவஸ்திரமும் ஜோல்னாப் பையும், காலில் சாக்ஸும் செருப்பும். பார்த்தால் ரேஷன் கடை வரிசையில் முன்னால் விட்டுவிடத் தோன்றும். சேஷுவுக்கு அவரைப் பார்த்ததும் பாவமாகக்கூட இருந்தது.

சிவஞானம் சுற்றி வளைக்கவில்லை. "போலீஸ்ல அங்க இருந்தேம்னு சொல்லியிருக்கீரு. வீட்டுல அங்க போகலைன்னு சொல்லியிருக்கீரு. ரெண்டுல எது நெசம்?"

வைத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெருமூச்சு விட்டார்.

"ஆத்துல சொன்னதுதான் நிஜம். நான் போகலை. மத்தியானம் சேதி கேள்விப்பட்டேன். மசீஹ் எனக்குச் சிநேகிதன். கொன்னவன் தப்பிச்சுடப்படாதேன்னு ஆத்திரத்துல தாணாவுக்குப் போய் பாத்தேன்னு சொல்லிட்டேன். மகா பாவம். நாலு நாளாத் தூக்கமில்லே. காகிதம் குடுங்கோ, எழுதித் தரேன்."

எழுதியே தந்துவிட்டார். 'நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை, சொன்னது பொய்' என்று இந்தியில் நாலு வரி, கீழே கையெழுத்து. சேஷு காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். ஒரே சாட்சி போயிற்று. இனி பச்சைமுத்துவை எதை வைத்து அடிப்பான்கள்?

"ஜல்தி சார்! கீழே ஸ்கூட்டர் ரிக்ஷா பிடிக்கறேன்!"

நாலு படி இறங்கிய பிறகுதான் சிவஞானம் பின்னால் வரவில்லை என்று தெரிந்தது. திரும்ப ஏறினான்.

"அவசரப்படாதீரும்வே," என்றார் அவர், வைத்தியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "போகாதவர் எதுக்குக் குளிக்கணும்னுதான் மாமி நம்பியிருக்காங்க. போனவரு அங்கனயே, பம்புல, ரத்தத்தைக் கழுவித் தலையோட குளிச்சிட்டு, பையில இருந்த வேட்டிய மாத்திக்கிட்டு வந்திருந்தா? ஒடம்புதான் சுத்தமாயிட்டே, பழக்கம் மறந்துபோச்சு. வைத்தி சார், நானே இன்னும் அரைக்கைச் சட்டையில நிக்கேன். ஒமக்கு எதுக்கு சாக்ஸ்? கழட்டும்."

"வெந்நீர் கொட்டிடுத்து. புண்ணு."

"எப்போ கொட்டித்து?" ருக்மிணி வாசலிலிருந்து கேட்டாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. "சனிக்கிழமை ராத்திரியும் இதையே சொன்னேள். கெரஸின் தீந்து போய் நான் அன்னிக்கு வெந்நீரே போடலையே?"

வைத்தி புறங்கையால் அவள் வாயில் அறைந்தார். பல் உதட்டைக் கிழித்து ரத்தம் தாடையில் வழிந்தது. கரண்டி கீழே விழுந்து உருண்டது. யாரும் அசைவதற்குள் ஜோல்னாப் பையிலிருந்து கை வெளியே வந்தது. அதில் ஒரு சாண் நீளத்துக்குக் கல்லுளி.

சேஷு வீரன் இல்லை. ருக்மிணி மேல் பாயப்போகிறார் என்று பயந்து இடது கையைக் குறுக்கே நீட்டினான், அவ்வளவுதான். உளி அவன் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு கதவு மரத்தில் இறங்கியது. முதலில் வலிக்கவே இல்லை. ஆணியடித்த காலண்டர் மாதிரித் தன் கை கதவில் தொங்குவதைப் பார்த்தான். அதன்பிறகு வலி தோள் வரை ஏறியது, அடித் தொண்டையிலிருந்து அலறினான்.

வைத்தி உளியைப் பிடுங்கித் திரும்பவும் ஓங்கினார். அந்த மணிக்கட்டைச் சிவஞானம் பிடித்து மொட்டை மாடிச் சுவரின் விளிம்பில் அறைந்தார். ஒரு தடவைக்கு உளி விழவில்லை. இரண்டாவது தடவை எலும்பு முறிகிற சத்தம் சேஷுவுக்கே கேட்டது. கிழவர் மற்றக் கையால் அவர் கண்ணைக் குத்தப் பாய்ந்தார், பல்லால் தோளைக் கவ்வினார். சிவஞானம் அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றி, இடது கால் சாக்ஸைப் பிடித்து இழுத்தார். தோலும் சேர்ந்து வந்தது. விரலிலிருந்து கணுக்கால் வரை வெந்து சிவந்த சதை.

"ஏழு மணிச் சுண்ணாம்பு," என்றார் சிவஞானம், மூச்சிரைக்க. "மசீஹ் விழுந்தப்போ தொட்டி உம்ம காலுல கவுந்திருக்கு. தொவைக்கிற கல்லுக்காக ஒரு உசுரைக் கொன்னுட்டீரேவே!"

"தொவைக்கிற கல்லா?" சேஷு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டான். சட்டையெல்லாம் ரத்தம்.

"காலையில துணியத் தூக்கிப் பாத்தேம்லா? நூத்திருவது வருஷத்து எழுத்து, தொட்டா விரலை அறுக்கு. ஆனா கல்லு நடுவுல குழிஞ்சு வழவழன்னு கெடக்கு. துணி அடிச்சு அடிச்சுத் தேஞ்ச கல்லு. எழுத்து அதுல இருந்திருந்தா அதுவுமில்லா தேஞ்சிருக்கணும்? தங்கம் தொவைச்ச கல்லைப் புதருக்குள்ள தூக்கிட்டுப் போயி, ஒரு வருஷமா உக்காந்து இவரே வெட்டியிருக்காரு. காவக்காரன் மசீஹ் வெள்ளிக்கிழமை துணிய வெலக்கிப் பாத்திருக்கான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கல்லைத் தெரியும்."

வைத்தி தரையில் கன்னம் அழுந்தக் கிடந்தார். அந்த நிலையிலும் அவர் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"பதினொரு வருஷம்! எண்ணூத்திச் சொச்சம் கல்லு! ஒண்ணுலயாவது நம்ம பாஷை உண்டா? ஒருத்தன் வேணும்னு தோணித்து, உண்டாக்கினேன். யாருக்கு நஷ்டம்? அந்த சௌக்கிதார், எழுதப் படிக்கத் தெரியாத பய, சனிக்கிழமை கார்த்தால என் மூஞ்சிக்கு நேரா நின்னுண்டு சிரிச்சான். வயித்தைப் பிடிச்சுண்டு சிரிச்சான். திரும்பி நடக்கறச்சேயும் சிரிச்சிண்டே போனான்."

"பச்சைமுத்து என்ன பண்ணினான் உமக்கு?" என்று கேட்டார் சிவஞானம்.

"மண்வெட்டி அவனோடதுதானே," என்றார் வைத்தி. அதைவிடப் பெரிய விளக்கம் தேவை என்றே அவருக்குத் தோன்றவில்லை.

சேஷுவுக்கு அவரை எட்டி உதைக்க வேண்டும் போல் இருந்தது. சாது என்று நினைத்துப் பரிதாபப்பட்டதற்காகத் தன்னையும் சேர்த்து உதைத்துக்கொள்ளத் தோன்றியது. ருக்மிணி முந்தானையால் வாயைப் பொத்தியபடி சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தாணாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வைத்தியின் அங்கவஸ்திரத்தாலேயே அவரைக் கட்டி இழுத்து வந்திருந்தார் சிவஞானம். தங்கம் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சப் இன்ஸ்பெக்டர் தோமர் டீ குடித்துக்கொண்டிருந்தான். வைத்தி எழுதிய காகிதத்தைப் படித்தான், வெந்த காலைப் பார்த்தான், உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நாலாக மடித்துக் கிழித்தான். அதன் அடியில் மை தடவிய பெருவிரல் ரேகை இருந்ததைச் சேஷு பார்த்தான்.

"ஒரு மணி நேரத்துக்கு முந்திதான் ஒப்புக்கொண்டான்," என்றான் தோமர் இந்தியில். "பரவாயில்லை, இப்படியும் ஆகிவிடுவதுண்டு. கூட்டிக்கொண்டு போங்கள்."

சிவஞானம் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவனை நோக்கி நடந்தார். சேஷு நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், வேண்டாம். மொதல்ல ஆளை வெளிய கொண்டுபோயிடலாம். கெஞ்சிக் கேட்டுக்கறேன், சார்."

பச்சைமுத்துவுக்கு நிற்க முடியவில்லை. உள்ளங்கால்கள் இரண்டும் உப்பிக் கருத்திருந்தன. வலது கை விரல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. ஒரு கண் திறக்கவே இல்லை. சிவஞானம் அவனைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கைகளிலும் ஏந்தி வெளியே கொண்டுவந்து தங்கத்தின் முன்னால் மெல்ல இறக்கினார். உயிரோடு கொண்டுவந்து கொடுங்கள் என்றுதான் கேட்டாள். கொண்டுவந்துவிட்டார்கள்.

தங்கம் பாய்ந்து அவன் தோளைத் தொட்டாள். அவன் உடம்பு வெட்டி இழுத்தது. இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டான்.

"நான்தான் அடிச்சேன் சாமி," என்றான். "மண்வெட்டியால அடிச்சேன். எழுதிக்குங்க."

"நீ அடிக்கலய்யா! ஒண்ணும் இல்ல, உட்டுட்டாங்க. நான் தங்கம்யா. என்னைப் பாரு."

அவன் ஒற்றைக் கண்ணால் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"மூணு அடி சாமி," என்றான்.